நீங்க யாரும்மா கேக்கறதுக்கு?

குழந்தைகள் நல அதிகாரிகளே, வளர்ப்புப் பெற்றோர் என்று எங்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினீர்கள். குழந்தைகள் தினத்தன்று ஊர்ப் பெரிய மனிதர்களை எல்லாம் வரவழைத்து, ‘ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்று ஒலிபெருக்கியில் முழங்கிக் கைதட்ட வைத்தீர்கள். என் பிள்ளை வளர்ந்து ஓசூரில் வேலைக்குப் போய் நாளாகிறது. இனி வளர வேண்டியது அந்த ஊரான் பிள்ளைதான். அவளை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள்? வேளைக்குச் சாப்பிடுகிறாளா? பள்ளிக்கூடம் போகிறாளா? ராத்திரி பயந்து எழுந்து உட்கார்ந்தால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? இதைக் கேட்கப் போனால், மேசைக்கு அந்தப் பக்கமிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு குரல் வருகிறது: “நீங்க யாரும்மா இதக் கேக்கறதுக்கு?”

நான் யாரென்று உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

அரசு நடுநிலைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். வீட்டுக்காரர் குட்டியானை ஓட்டுகிறார். விடியற்காலையில் சந்தைக்குக் காய்கறி லோடு. பள்ளிச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துவிட்டுத்தான் விண்ணப்பித்தோம். பெற்றோரால் பார்த்துக்கொள்ள முடியாத குழந்தையை இன்னொரு குடும்பம் சில காலம் வைத்து வளர்க்க வேண்டும். சொந்தக் குடும்பம் தேறி எழுந்தால் ஒப்படைத்துவிட வேண்டும். இது தத்து கிடையாது. அவள் பெயருக்கு முன்னால் எங்கள் தலைப்பெழுத்து வராது. எல்லாம் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டோம். “இப்பிடி அழுவுறதுக்குப் பேசாம தத்தெடுத்திருக்கலாம்ல?” என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அவள் தத்துக்குரிய பிள்ளை இல்லை. அவளுக்கு அப்பா இருக்கிறார். அம்மா போனபிறகு குடியில் விழுந்தவர்; தேறுவார், மறுபடி விழுவார். ஆனாலும் அப்பாதான். மகளைப் பார்க்க வரும்போது கையில் லட்டுப் பொட்டலம் இருக்கும். நாங்களும் அவருக்கு இலை போட்டுத்தான் அனுப்புவோம். பெற்றவர் வந்து பார்க்கலாம் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. அவள் மனசிலும் இருந்தது. அதை அறுக்க நாங்கள் யார்?

பிள்ளையைக் கொடுக்கும் முன் எங்களைக் குடையாத குடைச்சல் இல்லை. வழக்கு எதுவும் இல்லை என்று காவல் நிலையத்தில் சான்று. தொற்றுநோய் எதுவும் இல்லை என்று மருத்துவரிடம் சான்று. வருமானச் சான்று. எதிர்வீட்டில் விசாரணை, மளிகைக் கடையில் விசாரணை. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்கள். இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒரு பெண்குழந்தையை யார் வீட்டிலோ விடப்போகிறவர்கள் இப்படித்தான் பார்க்க வேண்டும், இன்னும் கூடப் பார்க்கலாம். எனக்கு ஆறாதது வேறு. அத்தனை அக்கறையும் பிள்ளையை எங்கள் வாசலில் இறக்கிவிட்ட அன்றோடு தீர்ந்துபோனதுதான்.

இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 44. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானே தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. வளர்ப்புக் குடும்பம் குழந்தைக்குக் கல்வி, உடல்நலம், ஊட்டம் மூன்றையும் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. தந்தோம். மாநில அரசு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வழியாக மாதந்தோறும் நிதி தர வேண்டும் என்று இருக்கிறது. குழந்தைகள் நலக் குழு மாதந்தோறும் வளர்ப்பு வீட்டை ஆய்வு செய்து பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. கூடப்பிறந்தவர்களைப் பிரிக்காமல் ஒரே வீட்டில் வைக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் பங்கை எங்களிடம் வரிக்கு வரி கேட்டு வாங்கினீர்கள். உங்கள் பங்கு எங்கே?

முதலில் கூடப்பிறந்தவனைப் பற்றியே கேட்கிறேன். அவளுக்கு ஓர் அண்ணன். அம்மா செத்தபிறகு யாரோ 1098-க்குப் போன் அடித்து, இரண்டு பிள்ளைகளையும் ஒரே வண்டியில்தான் கூட்டிப்போனார்கள். இறக்கிவிட்டது இரண்டு இடத்தில். ஆண் பிள்ளைகள் இல்லம் ஓர் ஊரில், பெண் பிள்ளைகள் இல்லம் வேறோர் ஊரில். பிறகு அவள் எங்களிடம் வந்தாள், அவன் அங்கேயே இருந்தான். “ரெண்டு பேரையும் எங்ககிட்டயே விடுங்க சார், இருக்கிற இடத்துல படுத்துக்குவோம்” என்று வீட்டுக்காரர் கும்பிட்டுக் கேட்டார். “ஒண்ண மொதல்ல ஒழுங்கா வளங்க, அப்புறம் பாக்கலாம்” என்றார் ஒருவர். அந்த ‘அப்புறம்’ இன்றுவரை வரவில்லை. அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளைக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் அண்ணன். அவனையும் பிரித்துவிட்டு, தீபாவளிக்கு இல்லத்தின் போனில் ஐந்து நிமிடம் பேச வைப்பதற்குப் பெயர் பாதுகாப்பா? அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டும் என்ன பேசும்? “சாப்டியா?” “சாப்டேன். நீ?” “சாப்டேன்.” அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சு விடுகிற சத்தம்தான்.

பணத்தைப் பற்றிப் பேசினால் அசிங்கம் என்று நினைக்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். எனக்கு அசிங்கமில்லை. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்புக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 4000 ரூபாய். முன்பு 2000 ஆக இருந்ததைக் கூட்டினார்கள். 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. நாளொன்றுக்கு 133 ரூபாய். வளர்கிற பிள்ளைக்குப் பாலும் முட்டையும் பழமும், பள்ளிக்கூட வேன், நோட்டு, செருப்பு, பல்லுக்கு மருத்துவர் எல்லாம் அதில் அடங்க வேண்டும். சரி, அடக்குவோம், அடக்கித்தானே பழக்கம். ஆனால் அந்த நாலாயிரமாவது மாதம் பிறந்தால் வருகிறதா? மாதக்கணக்கில் வராது. கேட்டால் “நிதி ஒதுக்கீடு வரல”, “பயன்பாட்டுச் சான்று மேல போகல”, “கமிட்டி கூடல”. பிறகு திடீரென்று ஒருநாள் மொத்தமாக விழும். அதற்குள் மளிகைக் கடன், வட்டி, என் காதுத்தோடு அடகுக்கடையில். இதற்கு நடுவில் தெருக்கோடியில் ஒரு பேச்சு: “நாலாயிரம் வருதுல்ல, அதான் வச்சிருக்காங்க.” வராத பணத்துக்குத்தான் இந்தப் பேச்சு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதே பிள்ளையை இல்லத்தில் வைத்திருந்தால் கணக்கு வேறு. கண்காணிப்பாளருக்குச் சம்பளம், சமையலருக்குச் சம்பளம், காவலருக்குச் சம்பளம், ஆற்றுப்படுத்துநருக்கு மதிப்பூதியம், கட்டடத்துக்குப் பராமரிப்பு, அதற்கு மேல் தலைக்கு இவ்வளவு என்று உணவுச் செலவு. வேண்டாம் என்று சொல்லவில்லை, இல்லத்தில் இருக்கிறதுகளும் பிள்ளைகள்தானே. அத்தனை பேரின் வேலையையும் வீட்டில் நான் ஒருத்தி செய்கிறேன். எனக்குச் சம்பளம் வேண்டாம். பிள்ளையின் காசை மட்டும் பிள்ளைக்குப் பசிக்கிற மாதத்திலேயே கொடுங்கள் என்கிறேன். இதுவா பேராசை?

அடுத்து காகிதம். பள்ளியில் சேர்க்கப் போனால் பெற்றோர் ஆதார் எங்கே என்றார்கள். குழுவின் ஆணையைக் காட்டினேன். தலைமையாசிரியர் அப்படி ஒன்றை அதுவரை பார்த்ததே இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல ரவுண்டு சீல் இருக்கு, ஆனா இது என்னன்னு புரியலையே” என்றார். குடும்ப அட்டையில் பெயர் சேர்க்க முடியவில்லை; அப்பா வீட்டு அட்டையில் பெயர் இருக்கிறதாம், அங்கே நீக்கினால்தான் இங்கே சேருமாம். வங்கிக்கணக்கு திறக்கப் போனால் காப்பாளர் யார் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதக் கூடாது என்றார்கள். ஒரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். குடல்வால் வீக்கம், உடனே அறுக்க வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போடப் போனால் “அம்மாவா?” என்று கேட்டார்கள். “வளர்க்கிறேன்” என்றேன். “அப்ப நீங்க போட முடியாதும்மா, சொந்தக்காரங்கள வரச்சொல்லுங்க.” அலுவலகத்துக்கு அடித்தால் ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. அப்பா எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாது. பிள்ளை வலியில் முனகிக்கொண்டு கிடக்கிறாள், நான் பூப்போட்ட பையில் ஆணையின் நகலை வைத்துக்கொண்டு வார்டுக்கும் அலுவலக அறைக்கும் ஓடுகிறேன். கடைசியில் பணியிலிருந்த ஒரு டாக்டரம்மா, ‘வருவது வரட்டும்’ என்று தன் பொறுப்பில் எழுதிக்கொண்டு அறுவை செய்தார். அந்தப் புண்ணியவதி அன்று பணியில் இல்லாமல் போயிருந்தால்? சொல்லுங்கள், பதில் யார் சொல்லியிருப்பீர்கள்?

இது எங்களோடு முடிகிற கதை இல்லை. உங்கள் கூட்டத்தில் என்னைப் போலவே வளர்க்கிற இன்னொரு பெண்ணைச் சந்தித்தேன். அவரிடம் இருக்கும் பையனுக்குத் தாயும் தகப்பனும் இல்லை, சாதிச் சான்றிதழும் இல்லை. தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு வரி இருக்கிறது. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ பார்க்க ஆளில்லாமல், அரசு நடத்துகிற அல்லது அரசு ஏற்றுக்கொண்ட பள்ளியிலோ ஆதரவற்றோர் இல்லத்திலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகள் அந்தப் பட்டியலில் வருவார்கள். நல்ல வரி. ஆனால் அந்த வரியில் இல்லத்துக்கு இடம் இருக்கிறது, வளர்க்கிற வீட்டுக்கு இல்லை. “பேசாம ஹோம்லயே விட்டிருந்தீங்கன்னா ஈசியா வாங்கிருக்கலாம்” என்றாராம் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒருவர். ஒரு பிள்ளைக்கு வீடு கிடைத்ததற்கு இது தண்டனையா?

இனி அவளைப் பற்றி. வந்த புதிதில் அவள் பேசவில்லை. எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். சோற்றை அள்ளி அள்ளி விழுங்குவாள்; மிச்சத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போவாள். தலையணை உறைக்குள் காய்ந்த இட்லி, பள்ளிப் பைக்குள் முறுக்குத் துண்டு, எறும்பு சாரி சாரியாக. சத்துணவுக்கூடத்தில் இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பரிமாறியிருக்கிறேன்; பசியைப் பார்த்தவள்தான். ஆனால் இது பசி இல்லை. நாளைக்குச் சோறு இருக்கும் என்கிற நம்பிக்கை செத்துப்போனது. ராத்திரி படுக்கையை நனைத்துவிட்டு, யாரும் எழும் முன்பே பாவாடையைத் துவைத்துக் காயப்போடுவாள். ஈரக்கையோடு நிற்கிற அந்தப் பிள்ளையின் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அடி விழும் என்று எதிர்பார்த்து நிற்கிறாள்.

இந்தப் பிள்ளையை எப்படித் தேற்றுவது என்று எனக்கு யாராவது சொல்லிக்கொடுத்தீர்களா? பயிற்சி என்று ஒருநாள் கூப்பிட்டீர்கள். படிவம் நிரப்புவது எப்படி என்று சொல்லி, மிக்சரும் டீயும் கொடுத்து அனுப்பினீர்கள். ஆற்றுப்படுத்துநரை அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். மாவட்டத்துக்கே விரல்விட்டு எண்ணும் அளவுதான் ஆட்கள், வழக்குப் பிள்ளைகளுக்கே நேரம் போதவில்லை என்றார்கள். நாங்களே தடவித் தடவிக் கண்டுபிடித்தோம். அவளுக்கென்று ஒரு டப்பா, அதில் எப்போதும் கடலை உருண்டையும் பிஸ்கட்டும். “இது உன்னோடது. தீர்ந்தா நான் ரொப்புவேன். கேக்க வேணாம்.” அவ்வளவுதான் சொன்னது. ராத்திரி படுக்கும்போது மறுநாள் என்னவெல்லாம் நடக்கும் என்று வரிசையாகச் சொல்வேன்: காலையில் என்ன டிபன், யார் கொண்டுபோய் விடுவது, சாயங்காலம் யார் வாசலில் நிற்பது. சொன்னபடியே நடக்கவும் பார்த்துக்கொண்டோம். அவளுக்கு மாமாவான என் வீட்டுக்காரரின் வண்டி வர நேரமானால் போன் போட்டு அவளிடம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மெல்ல மெல்ல டப்பாவில் கடலை உருண்டை மிஞ்ச ஆரம்பித்தது. எறும்பு நின்றது. ஒருநாள் அடுப்படிக்கு வந்து, “அத்த, இன்னிக்கி சாம்பார்ல உப்பு கம்மி” என்றாள். குறை சொல்லத் துணிந்துவிட்டாள்! அன்றைக்குத்தான் இவள் பிழைத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரிந்தது.

படித்தவர்கள் இதை ஆராய்ச்சி செய்தே நிறுவியிருக்கிறார்கள். ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரத்தில் அநாதை இல்லங்களிலிருந்த 136 சின்னஞ்சிறு பிள்ளைகளை எடுத்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டு வருஷக்கணக்கில் கவனித்தார்கள். வீட்டுக்குப் போன பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியும் பாசப்பிணைப்பும் தேறின. இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் நன்றாகவே தேறினார்கள். ஆனால் அந்தக் குடும்பங்களைச் சும்மா விடவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அவர்களுக்கு மாதம் தவறாமல் ஊதியம் தந்தார்கள். சமூகப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்து போனார்கள், பிள்ளை முரண்டு பிடித்தால் என்ன செய்வது என்று கேட்க ஆள் இருந்தது. பிள்ளையை வீட்டில் விடுவது பாதி வேலை, விட்ட வீட்டைத் தாங்கிப் பிடிப்பது மீதி வேலை. நீங்கள் முதல் பாதியோடு கையைத் தட்டிவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள்.

மாதாமாத ஆய்வு என்றேனே, அதற்கு எப்போதாவது ஒரு தம்பி வருவார். பிள்ளையை நிறுத்திப் போட்டோ எடுப்பார், தண்ணீர் குடிப்பார், கையெழுத்து வாங்குவார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஒப்பந்தப் பணி. பெட்ரோல் காசு கையிலிருந்து. மாவட்டம் முழுக்க அவர் தலையில். “எனக்கே மூணு மாசமா சம்பளம் வரலக்கா” என்று ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். சோறு போட்டு அனுப்பினேன். பிள்ளையைப் பார்க்க வந்தவருக்கும் பசி, பார்க்கப்பட வேண்டிய பிள்ளைக்கும் பசி என்று வைத்து நடத்துகிற திட்டத்துக்கு வாத்சல்யம் என்று பெயர் வைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

இத்தனையும் பொறுத்தோம். பொறுக்க முடியாததை அதன் பிறகுதான் செய்தீர்கள்.

அவளுடைய சித்தப்பா ஒருவர் மனு கொடுத்தாராம், தன் அண்ணனின் மகளைத் தானே வளர்ப்பதாக. கொடுக்கலாம், ரத்த உறவு. விசாரித்து, தகுதியிருந்தால் அனுப்பத்தான் வேண்டும். சட்டமும் சொந்தக் குடும்பத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறது. நான் குறுக்கே விழுந்திருக்க மாட்டேன். ஆனால் எப்படி அனுப்பினீர்கள்? காலாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. மறுநாள் கணக்கு. அவள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் ஜீப். “ஆணை வந்திருக்கு. பிள்ளையைக் கூட்டிட்டுப் போறோம்.” எந்த விசாரணைக்கும் எங்களைக் கூப்பிடவில்லை. அவளையும் கேட்கவில்லை. பிள்ளையைப் பற்றிய எந்த முடிவிலும் பிள்ளையின் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் மூன்றாவது பிரிவிலேயே இருக்கிறது. தன் பேச்சு கேட்கப்படுகிற உரிமை, பங்கேற்கிற உரிமை. சித்தப்பாவை அவள் அதற்கு முன் ஒழுங்காகப் பார்த்ததுகூட இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து போயிருக்கக் கூடாதா? ஒரு விடுமுறைக்கு அவள் அங்கே போய்த் தங்கிப் பார்த்திருக்கக் கூடாதா? பரீட்சையாவது முடிந்திருக்கக் கூடாதா? “அத்த, நான் என்ன தப்பு பண்ணேன்?” என்று கேட்டாள். பையை மாட்டிக்கொண்டு, டப்பாவை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். ஜீப்பில் இருந்த பெண்மணி “சீக்கிரம்” என்றார்.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். சித்தப்பா வீட்டில் அவள் ஒரு பருவம்கூட முழுசாக இல்லை. அங்கே அவருக்கே மூன்று பிள்ளைகள், ஒற்றைக் கூலி. ஒத்துவரவில்லை என்று அவரே கொண்டுவந்து குழுவிடம் விட்டுவிட்டார். இதுவும் எனக்கு நீங்கள் சொல்லித் தெரியவில்லை. அந்தப் பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் யார் யாரிடமோ என் எண்ணை வாங்கிக் கூப்பிட்டுச் சொன்னார்: “உங்களப் பத்தியே பேசிட்டிருந்தா. இப்ப வரதில்ல. ஹோம்ல விட்டுட்டாங்களாம்.” ஏற்கனவே சலித்து, சோதித்து, நீங்களே தகுதி என்று ஏற்ற வீடு இங்கே இருக்கிறது. அவள் பாய் சுருட்டி வைத்தபடி இருக்கிறது. அந்த வீட்டுக்கு ஒரு போன் போடத் தோன்றவில்லை. இல்லத்துக்கு வண்டியைத் திருப்பத் தோன்றியது. நிறுவனத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதிவிட்டு, ஆபத்தென்றால் கை தானாக அங்கேயே போகிறதே, ஏன்? நாற்றைக்கூட ஒருமுறைதான் பிடுங்கி நடுவார்கள். அம்மா வீடு, முதல் இல்லம், எங்கள் வீடு, சித்தப்பா வீடு, மறுபடி இல்லம். எத்தனை தடவை பிடுங்குவீர்கள் ஒரு பிள்ளையை?

பார்க்க அனுமதி கேட்டேன். ரத்த உறவு இல்லை என்று மறுத்தார்கள். ஆணையின் நகல் கேட்டேன். “அது உங்களுக்குத் தர முடியாது, நீங்க பார்ட்டி இல்ல.” குழுவின் வளர்ப்புப் பராமரிப்பு முடிவை எதிர்த்து 30 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று 101-ஆம் பிரிவில் இருக்கிறது. நகலே தராவிட்டால் எந்த 30 நாள்? எந்தத் தேதியிலிருந்து? எதைப் படித்து மேல்முறையீடு எழுதுவது? குடல்வால் வலியில் துடித்தபோது நான் சொந்தக்காரி இல்லை; பிரிக்கும்போது கட்சிக்காரி இல்லை. ஆனால் மாதந்தோறும் பயன்பாட்டுச் சான்றில் கையெழுத்துப் போட மட்டும் நான் வேண்டும். கல்வி என் பொறுப்பு, உடம்பு என் பொறுப்பு, ஊட்டம் என் பொறுப்பு. பொறுப்பு அத்தனையும் என் தலையில் ஏற்றினீர்கள். ஒரு சொல் சொல்ல உரிமை மட்டும் தரவில்லை.

2024-இல் மத்திய அரசு புதிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. திருமணமாகாதவர்கள், கணவரை இழந்தவர்கள், மணவிலக்குப் பெற்றவர்கள் என்று தனியாக வாழ்கிறவர்களும் இனி பிள்ளைகளை ஏற்று வளர்க்கலாம். வளர்த்த பிள்ளை தத்துக்குரியதாக இருந்தால், ஐந்து வருஷத்துக்குப் பதில் இரண்டு வருஷத்திலேயே தத்துக் கேட்கலாம். கதவை அகலத் திறந்துவிட்டார்கள், மகிழ்ச்சி. ஆனால் உள்ளே ஏற்கனவே நிற்கிறவர்களின் கதி இது என்றால் புதிதாக யார் வருவார்கள்? என் நாத்தனார் விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். எங்கள் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றதைப் பார்த்த பிறகு அவள் அதை நிரப்பவில்லை. குடும்பங்கள் முன்வருவதில்லை என்று அடுத்த கூட்டத்தில் யாராவது பேசினால், அதற்கான காரணத்தையும் அதே ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்லுங்கள்.

நான் கேட்பது எதுவும் வானத்திலிருந்து இறங்க வேண்டியதில்லை. பிள்ளையின் பணம் மாதத்தின் முதல் வாரம் வர வேண்டும். வளர்ப்புப் பெற்றோருக்கு ஒரே ஓர் அடையாள அட்டை. பள்ளி, மருத்துவமனை, வங்கி, குடும்ப அட்டை அலுவலகம் எல்லாம் அதை மதிக்க வேண்டும் என்று ஓர் அரசாணை. அவசரச் சிகிச்சைக்கு நாங்கள் கையெழுத்திட அதிகாரம். ராத்திரியானாலும் ஞாயிறானாலும் எடுக்கிற ஒரு தொலைபேசி எண். பிள்ளையின் மனக்காயம் அறிந்த ஆற்றுப்படுத்துநர் மாதம் ஒருமுறையாவது வீட்டுக்கு வர வேண்டும். கூடப்பிறந்தவர்களை ஒன்றாக வைக்க முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். பிள்ளையை மாற்றும் முன் பிள்ளையையும் எங்களையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். மாற்றுவதானாலும் படிப்படியாக, பரீட்சையும் பழக்கமும் பார்த்து மாற்ற வேண்டும். போனபிறகும் வளர்த்தவர்களோடு பேச, பார்க்க வழி இருக்க வேண்டும். போன இடம் சரிப்படவில்லை என்றால் இல்லத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

அவளுடைய அண்ணனுக்குக் கூடிய சீக்கிரம் 18 முடியப்போகிறது. முடிந்தால் இல்லத்தை விட்டு வெளியே வர வேண்டும். பிற்காப்பு என்று ஓர் ஏற்பாடு 21 வயதுவரை உண்டு. அவனுக்கு அதை யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை. அவன் எந்தப் பேருந்து நிலையத்தில் இறங்கி நிற்பான், எந்த ஊர்ப் பேருந்தில் ஏறுவான் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அவனுக்கும் எங்கள் வீட்டில் இடம் உண்டு என்று இதோ எழுதித் தருகிறேன். வீட்டுக்காரரும் கையெழுத்துப் போடுகிறார்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். மனு எழுதிவிட்டேன். அவள் எந்த இல்லத்தில் இருக்கிறாள்? அவளை மாற்றிய ஆணையின் நகல் எங்கே? எங்கள் வீடு இருக்க, அவளை இல்லத்துக்கு அனுப்பியது யார் முடிவு? மூன்றே கேள்விதான். “பாத்துச் சொல்றோம்மா” என்பதை நான் இனிப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒருவேளை அவள் எங்களிடம் வரவே கூடாது என்று நீங்கள் முடிவெடுத்தாலும் எடுங்கள். ஆனால் அவளை எதிரில் உட்காரவைத்து, அவள் வாயால் சொல்வதைக் கேட்டுவிட்டு, காரணத்தைத் தாளில் எழுதி, கீழே பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். கிடைக்கிற வரைக்கும் ஒவ்வொரு திங்களும் வரிசையில் நிற்பேன். அந்தக் காகிதத்தோடுதான் மேல்முறையீட்டுக்குப் போவேன்.